மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்த பிறகு: மருத்துவர்களும் செவிலியர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து வீடு திரும்பும் பெண்ணைக் கவனிக்கும் பொறுப்பு பல கைகளுக்குப் பிரிந்துவிடுகிறது. புற்றுநோய் மருத்துவர் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்ப்பார். மற்ற நாள்களில் அந்தப் பெண் போய் நிற்பது குடும்ப மருத்துவரிடம், செவிலியரிடம், பிசியோதெரபிஸ்ட்டிடம். முக்கியமான கேள்விகளை வேறு யாராவது கேட்டிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறோம். பல நேரங்களில் யாருமே கேட்டிருப்பதில்லை. அப்படி விட்டுப்போகும் இடங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

"அஞ்சு வருஷம் தாண்டிட்டீங்க, இனி பயமில்லை"

நல்லெண்ணத்தில் சொல்லப்படும் இந்த வாக்கியம் எல்லோருக்கும் பொருந்தாது. ஹார்மோன் ஏற்பி (ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) இல்லாத கட்டிகள் திரும்பி வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளிலேயே வரும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள கட்டிகளின் போக்கு வேறு. 60,000-க்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2017-ல் வெளியானது. அவர்கள் அனைவரும் 5 ஆண்டுகள் ஹார்மோன் மாத்திரை எடுத்து, அதுவரை நோயின்றி இருந்தவர்கள். அடுத்த 15 ஆண்டுகளில் உடலின் வேறு பகுதியில் நோய் திரும்பும் வாய்ப்பு, 2 செ.மீ.க்கு உட்பட்ட கட்டியும் நெறிகட்டுகளில் (நிணநீர் முடிச்சுகளில்) பாதிப்பின்மையும் இருந்தவர்களுக்கே 13 சதவீதம். கட்டி அதைவிடப் பெரிதாகி, நான்கு முதல் ஒன்பது நெறிகட்டுகளுக்குப் பரவியிருந்தவர்களுக்கு 41 சதவீதம்.

இந்த எண்களை நோயாளியின் முன் வைத்து மிரட்டச் சொல்லவில்லை. ஆனால் பத்தாவது ஆண்டில் வரும் எலும்பு வலியை "அது பழைய கதை" என்று நாம் ஒதுக்கிவிடக் கூடாது.

தேவையில்லாத ஸ்கேன், கேட்கப்படாத வலி

இவை எதிரெதிரான இரண்டு தவறுகள். ஆனால் ஒரே மருத்துவரிடம் இரண்டையும் பார்க்கலாம். எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு ஆண்டுதோறும் பெட் ஸ்கேன், எலும்பு ஸ்கேன், ட்யூமர் மார்க்கர் எனும் புற்றுநோய்த் தடயம் தேடும் ரத்தப் பரிசோதனை என்று எழுதுவார்கள். இத்தாலியில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் 1994-லேயே இதைச் சோதித்துவிட்டன. ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள். ஒரு பாதியினருக்குத் தொடர்ந்து எக்ஸ்ரேயும் எலும்பு ஸ்கேனும் எடுத்தார்கள். மறு பாதியினருக்கு மருத்துவர் பரிசோதனையும் மேமோகிராமும் மட்டும். உயிர் பிழைத்தவர்கள் எண்ணிக்கையில் வேறுபாடு தெரியவில்லை. முக்கிய வழிகாட்டுதல்கள் இன்றும் அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்தச் சோதனைகளைப் பரிந்துரைப்பதில்லை. வேண்டியது இவ்வளவுதான்: முதல் மூன்று ஆண்டுகளில் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை நேரில் விசாரித்துப் பரிசோதிப்பது, அடுத்த இரண்டு ஆண்டுகளில் 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. மீதியுள்ள மார்பகத்துக்கு ஆண்டுதோறும் மேமோகிராம்.

ரிப்போர்ட் "நார்மல்" என்று வந்துவிட்டால் நோயாளியின் வாய்ச்சொல்லை நாம் கேட்காமல் விடுகிறோம். அதுதான் எனக்குப் பெரிய கவலை. முதுகு வலி என்று ஒருவர் வந்தால் வலிமருந்து எழுதுவதற்கு முன் சில கேள்விகள் கேட்டாக வேண்டும். எத்தனை வாரமாக வலிக்கிறது? படுத்தால் கூடுகிறதா? இரவில் தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா? கால் கனக்கிறதா, மரத்துப்போகிறதா? சிறுநீர் கழிப்பதில் மாற்றம் உண்டா? கடைசி இரண்டில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றால் அது தண்டுவட அழுத்தமாக இருக்கலாம், அன்றைக்கே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டிய அவசரம். வறண்ட இருமல், மூச்சு வாங்குதல், விடாத தலைவலி, தழும்பில் புதிதாக ஒரு முடிச்சு ஆகியவற்றையும் இதே கவனத்தோடு பார்க்க வேண்டும்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?"

இப்படிக் கேட்டால் "சாப்பிடுறேன் டாக்டர்" என்ற பதில்தான் வரும். தமாக்சிஃபென், லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற ஹார்மோன் மாத்திரைகளை 5 முதல் 10 ஆண்டுகள் வரை எடுக்க வேண்டியிருக்கும். பாதியில் நிறுத்திவிடுபவர்கள் ஏராளம். அதை வெளியே சொல்பவர்கள் குறைவு, ஏனென்றால் திட்டு விழும் என்ற பயம். "நிறையப் பேருக்கு இந்த மாத்திரை சில நாள் விட்டுப்போகும். போன மாசம் உங்களுக்கு எத்தனை நாள் விட்டுச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். விட்டுப்போவது சகஜம் என்று நாமே முதலில் சொல்லிவிட்டால், மறைக்க வேண்டிய தேவை அவருக்கு இருக்காது. தொடர்ந்து "ஏன் விட்டீங்க?" என்று மெதுவாகக் கேட்டால் உண்மையான காரணம் வெளிவரும்.

அந்தக் காரணம் பெரும்பாலும் மூட்டு வலி. உடலில் ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் லெட்ரோசோல் வகை மருந்து எடுப்பவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இது வரும். காலையில் விரல்களை மடக்க முடியாது, பாட்டில் மூடியைத் திருக முடியாது, உட்கார்ந்து எழுந்தால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். "வயசானா அப்படித்தான்" என்று சொல்லி அனுப்புவதால்தான் அவர் மாத்திரையைத் தானே நிறுத்துகிறார். செய்யக்கூடியவை பல இருக்கின்றன. முறையான உடற்பயிற்சி இந்த வலியைக் குறைப்பதாக ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. சில வாரங்கள் மருந்தை நிறுத்தி அதே வகையில் வேறொன்றுக்கு மாற்றலாம். மனச்சோர்வுக்கும் வலிக்கும் தரப்படும் டுலாக்ஸிடின் சிலருக்கு உதவும். எதுவும் ஒத்துவராவிட்டால் தமாக்சிஃபெனுக்குப் போகலாம். இந்த முடிவுகளைப் புற்றுநோய் மருத்துவரோடு கலந்துதான் எடுக்க வேண்டும். ஆனால் பேச்சைத் தொடங்க வேண்டியவர்கள் நோயாளியின் எதிரில் உட்கார்ந்திருக்கும் நாம்தான்.

மருந்துகளோடு மருந்துகள் மோதுவதும் கண்ணில் படாமல் போகிறது. தமாக்சிஃபென் எடுப்பவருக்கு மனச்சோர்வுக்கோ உடல் திடீரெனச் சூடாவதற்கோ பராக்ஸிடின், ஃப்ளூஆக்ஸிடின் எழுதுவதைத் தவிர்க்க வேண்டும். தமாக்சிஃபெனைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் நொதியை அவை தடுக்கின்றன. வென்லாஃபாக்ஸின் பொருத்தமான மாற்று. மாதவிடாய் நின்றவர் தமாக்சிஃபென் எடுக்கும்போது ரத்தப்போக்கு ஏற்பட்டால், ஒரு துளியாக இருந்தாலும் கருப்பையைப் பரிசோதிக்க வேண்டும். அறிகுறி இல்லாதவர்களுக்கு வழக்கமாகக் கருப்பை ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை.

இளம் பெண்கள் விஷயத்தில் இன்னொரு தவறு. கீமோவால் மாதவிடாய் நின்றுபோனதை நிரந்தர நிறுத்தம் என்று எடுத்துக்கொண்டு லெட்ரோசோல் தொடங்குகிறார்கள். சூலகம் மீண்டும் விழித்துக்கொண்டால் மருந்து பயன் தராது. எதிர்பாராத கர்ப்பமும் உண்டாகலாம். ஹார்மோன் இல்லாத கருத்தடை முறையை முதலிலேயே பேசிவிட வேண்டும். குழந்தை வேண்டும் என்பவரிடம் "அந்த ஆசையை விட்டுடுங்க" என்று சொல்லும் காலம் போய்விட்டது. ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டுகள் மாத்திரை எடுத்த பிறகு, கர்ப்பத்துக்காக அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள் இடைவெளி விட்டவர்களுக்குக் குறுகிய காலத்தில் நோய் திரும்பும் அபாயம் கூடவில்லை என்று 2023-ல் வெளியான ஆய்வு காட்டியது. நீண்ட காலக் கண்காணிப்பு இன்னும் தொடர்கிறது.

"அந்தக் கையால எதையும் தூக்காதீங்க"

அக்குள் நெறிகட்டுகளை முழுமையாக எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கை வீக்கம் வருகிறது. ஆனால் கையை வாழ்நாள் முழுக்கப் பொத்திவைப்பதால் தசை பலவீனமாகும், தோள் இறுகும். கண்காணிப்போடு படிப்படியாக எடை தூக்கும் பயிற்சி செய்தவர்களுக்கு வீக்கம் கூடவில்லை என்று 2009-லேயே தெரிந்துவிட்டது. செவிலியர்களும் பிசியோதெரபிஸ்ட்களும் செய்ய வேண்டியது, அறுவைக்கு முன்பே இரண்டு கைகளையும் அளந்து குறித்துவைப்பது. அந்த அளவு கையில் இல்லாவிட்டால் தொடக்க வீக்கத்தைக் கண்டுபிடிப்பது கடினம். "வளையல் இறுக்குது", "கை கனமா இருக்கு" என்று அவரே சொல்லும்போது, கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டாலும் நம்பி அளந்து பாருங்கள். கை சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் அது தோல் தொற்று. ஆன்டிபயாட்டிக் தாமதிக்கக் கூடாது.

கதிர்வீச்சு பட்ட தோலில் பல ஆண்டுகள் கழித்து ஊதா நிறத் திட்டு தோன்றினால், அடிபட்ட கன்றல் என்று அனுப்பிவிடாதீர்கள். அரிதாக அது ரத்தக்குழாய் புற்றாக, அதாவது ஆஞ்சியோசர்கோமாவாக இருக்கும். பயாப்சி வேண்டும்.

இதயமும் எலும்பும் பற்றிச் சுருக்கமாக. இதயத்தைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோரூபிசின், டிராஸ்டுசுமாப் மருந்துகள், இடது மார்புக் கதிர்வீச்சு இவற்றைப் பெற்றவருக்குப் பல ஆண்டுகள் கழித்து மூச்சு வாங்கினால் "எடை கூடிடுச்சு" என்பது முதல் பதிலாக இருக்கக் கூடாது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு இவற்றைக் கட்டுக்குள் வைப்பதும் புற்றுநோய்ப் பராமரிப்பின் பகுதிதான். லெட்ரோசோல் வகை எடுப்பவர்களுக்கு எலும்பு அடர்த்தியைத் தொடக்கத்திலும் பிறகு சுமார் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும். எலும்பைக் காக்கும் டெனோசுமாப் ஊசியை மாற்று மருந்து தராமல் திடீரென நிறுத்தினால் முதுகெலும்பு முறிவுகள் அடுத்தடுத்து வரலாம்.

பெண்ணுறுப்பு வறட்சி, உறவில் வலி, நோய் திரும்பிவிடுமோ என்று தூக்கம் வராத இரவுகள் ஆகியவற்றை நோயாளியாகச் சொல்வது அபூர்வம். கணவரோ மகனோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் சொல்லவே மாட்டார். ஒவ்வொரு வருகையிலும் சில நிமிடங்கள் தனியாகப் பேசுங்கள். ஹார்மோன் இல்லாத ஈரப்பத ஜெல்லில் தொடங்கலாம். நோயாளி ஆணாக இருந்தால், நூறில் ஒருவர் அப்படி இருப்பார், அவரிடமும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும். அவர்கள் இன்னும் மௌனமாக இருப்பார்கள்.

குடும்ப வரலாற்றை முதல் நாள் எழுதியதோடு விட்டுவிடக் கூடாது. தங்கைக்குச் சூலகப் புற்றுநோய் வந்திருக்கலாம். பல ஆண்டுகளுக்கு முன் மார்பக, சூலகப் புற்றுநோய் அபாயத்தோடு தொடர்புடைய பி.ஆர்.சி.ஏ. மரபணுக்கள் இரண்டை மட்டும் சோதித்தவருக்கு இன்றைய விரிவான சோதனை பொருத்தமாகலாம்.

சிகிச்சை முடியும் நாளில் ஒரு பக்கத் தாளில் இவற்றை எழுதுங்கள்: கட்டியின் வகையும் நிலையும், எந்தப் பக்கம், எடுத்த நெறிகட்டுகளின் எண்ணிக்கை, டாக்ஸோரூபிசினின் மொத்த அளவு, கதிர்வீச்சு பட்ட இடம், மாத்திரை தொடங்கிய தேதியும் முடிய வேண்டிய தேதியும், அடுத்த மேமோகிராம், எந்த அறிகுறிக்கு யாரை அழைப்பது. ஒரு பிரதி குடும்ப மருத்துவருக்கு, ஒன்று நோயாளியின் கையில்.