பை 3 கேம் பெட்டிக்குள் பை 4

ராஸ்பெர்ரி பை 3 என்ற சிறு கணினிப் பலகையில் ஓடும் பழைய வீடியோ கேம் பெட்டியில், அதற்குப் பதில் பை 4 பலகையைப் பொருத்தும் வழி இது. முதலில் ரோம்ஸ் (கேம் கோப்புகள்), பயாஸ் (பழைய கேம் கருவியின் தொடக்க மென்பொருள்) ஃபோல்டர்களைப் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். எஸ்ஆர்எம் சேவ் கோப்புகள் (கேமுக்குள்ளேயே சேமித்தவை) வழக்கமாக ரோம் பக்கத்திலேயே இருக்கும். சேவ் ஸ்டேட்டை (ஆட்டத்தின் அந்த நொடியை அப்படியே பிடித்து வைக்கும் பதிவை) நம்ப வேண்டாம். எமுலேட்டர் (பழைய கேம் கருவிபோல் இயங்கும் மென்பொருள்) பதிப்பு மாறினால் திறக்காமல் போகலாம். பழைய மெமரி கார்டையே செருகாதீர்கள். ரெட்ரோபையில் (இந்தக் கேம்களை ஓட்டும் மென்பொருள் தொகுப்பு) பை 4-க்குத் தனி இமேஜ் (கார்டில் எழுதும் கோப்பு) உண்டு.

திருகுத் துளைகள் அதே 58க்கு 49 மி.மீ. தான். வயர்கள் செருகும் 40 பின் வரிசையும் மாறவில்லை, பட்டன் வயர்கள் அப்படியே இருக்கட்டும். ஆனால் ஈதர்நெட்டும் யூஎஸ்பியும் இடம் மாறிவிட்டன, எச்டிஎம்ஐ மைக்ரோவாகிவிட்டது. பெட்டியை அரத்தால் ராவ வேண்டிவரும். டிவி கேபிளை யூஎஸ்பி-சி பக்கத்துப் போர்ட்டில் செருகுங்கள்.

பவருக்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் கட்டாயம். திரை மூலையில் மஞ்சள் மின்னல் குறி மினுக்கினால் வோல்ட்டேஜ் போதவில்லை. 80 டிகிரி தொட்டால் சிப் வேகத்தைக் குறைக்கும், ஒலி திக்கும். ஹீட்சிங்க்கோடு (சிப்பின் சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) சின்ன ஃபேனும் வையுங்கள்.