சிலிண்டர் ஹெட்டின் காற்றோட்டத்தை அளக்க வீட்டிலேயே ஒரு ஃப்ளோ பெஞ்ச்

எஞ்சினின் வால்வுகள் உட்காரும் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் வழியாக எவ்வளவு காற்று போகிறது என்று அளக்கும் பெட்டிதான் ஃப்ளோ பெஞ்ச். அதைக் கட்ட இறங்கும் பலர் முதலில் தேடுவது மோட்டாரை. ஆனால் கிடைக்கிற எண்ணை நம்பலாமா கூடாதா என்பது மோட்டாரில் இல்லை. ஓட்டை போட்ட ஓர் அலுமினியத் தகட்டிலும், காற்று கசியாத பெட்டியிலும்தான் இருக்கிறது.

பெட்டியின் நடுவே குறுக்காக ஒரு தடுப்புப் பலகை. அதில் கழற்றி மாட்டக்கூடிய ஓரிஃபிஸ் தகடு, அதாவது அளவான ஓட்டை போட்ட தகடு. கீழ் அறையில் வாக்குவம் கிளீனர் மோட்டார்கள். அவை காற்றை இழுக்க, ஹெட் வழியாக நுழையும் காற்று மேல் அறைக்கு வந்து, தகட்டின் ஓட்டையைத் தாண்டிக் கீழே இறங்கி வெளியேறும். மேல் அறைக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசம் சோதனை அழுத்தம். இரண்டு அறைகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் எவ்வளவு காற்று போகிறது என்று காட்டும்.

28 அங்குல நீர் அழுத்தம் (அவ்வளவு உயர நீரைத் தாங்கும் அழுத்தம்), அதாவது 711 மிமீ, இந்தத் தொழிலில் வழக்கமான அளவு. முதல் பெஞ்சுக்கு 10 அங்குலம், 254 மிமீ, போதும். 28 மிமீ வால்வு உள்ள ஹெட் இந்த அழுத்தத்தில் அதிகபட்சம் நொடிக்கு 24 லிட்டர் அளவில் விடும். 1000 வாட் மோட்டார் ஒன்றே சமாளிக்கும். 711 மிமீக்குப் போனால் 40 லிட்டர் வரும், இரண்டு மோட்டார் வேண்டும். 254-இல் எடுத்த எண்ணை 1.67 ஆல் பெருக்கி 711-க்கு மாற்றலாம். ஆனால் போர்ட்டின் (ஹெட்டுக்குள் காற்று போகும் வழியின்) உள்வளைவில் காற்று சுவரை விட்டுப் பிரிவது வேகம் கூடும்போதுதான் சில ஹெட்டுகளில் தெரியும். அதைப் பெருக்கல் காட்டாது.

பெட்டிக்கு 18 மிமீ ப்ளைவுட். 600க்கு 600 மிமீ பலகையின் மேல் 711 மிமீ அழுத்தம் ஏறத்தாழ 250 கிலோ எடையாக உட்காரும். ஆகவே உள்ளே குறுக்குச் சட்டங்கள் இல்லாமல் விடாதீர்கள். பலகை வளைந்தால் மூலைச் சீல் பிளக்கும். எம்.டி.எஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) பயன்படுத்தினால் உட்பக்கம் இரண்டு கோட் வார்னிஷ் அடியுங்கள், அந்தப் பலகையின் உடம்பு வழியாகவே காற்று ஊறும். ஹெட்டிலிருந்து வரும் காற்று நேராக ஓட்டையின் மேல் பாயக்கூடாது. நடுவில் ஒரு மறைப்புத் தகடு வையுங்கள்.

இனி ஓரிஃபிஸ். 3 மிமீ அலுமினியத் தகட்டை லேத்தில் கடைந்து எடுங்கள். காற்று நுழையும் பக்க விளிம்பு கூராக, பிசிறில்லாமல் இருக்கவேண்டும். வெளியேறும் பக்கத்தில் 45 டிகிரி சரிவு கொடுத்து, விளிம்பின் தடிமனை அரை மிமீக்குக் குறையுங்கள். தகட்டைத் தலைகீழாக மாட்டினால் அளவு முழுவதும் தவறிவிடும், எனவே மேல்பக்கத்தில் அம்புக்குறி குத்திவையுங்கள். கூர்முனை ஓட்டைக்குக் கெழு, அதாவது கணக்குப்படி வரவேண்டிய ஓட்டத்தில் உண்மையில் போகும் பங்கு, சுமார் 0.6. இரண்டு அறைகளுக்கும் 150 மிமீ வித்தியாசம் இருக்கும்போது 20 மிமீ ஓட்டை நொடிக்கு 9.3 லிட்டர், 30 மிமீ 21 லிட்டர், 45 மிமீ 47 லிட்டர் விடும். மூன்றும் இருக்கட்டும். ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், வித்தியாசம் 15 மிமீக்கு இறங்கினாலும் ஓட்டம் மூன்றில் ஒன்றாகத்தான் குறையும்; அதற்குக் கீழே படிப்பதில் பிழை பெருகும். அங்கே சிறிய தகட்டுக்கு மாறுங்கள்.

சோதனை அழுத்தத்தை அளக்க நீர் ஊற்றிய யு வடிவக் குழாய். படிக்கவேண்டியது இரண்டு கால்களின் நீர்மட்டத்துக்கு நடுவே உள்ள முழு உயரம். ஒரு காலை மட்டும் பார்த்துப் பாதியாகக் குறித்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் தப்பு. ஓரிஃபிஸுக்குச் சாய்வுக் குழாய், ஒரு பங்கு உயரத்துக்கு ஆறு பங்கு நீளம். நீரில் சாயமும் ஒரு சொட்டு சோப்புத் திரவமும் கலந்தால் மட்டம் குழாயில் ஒட்டாமல் நகரும். அழுத்தம் எடுக்கும் துளை 2 மிமீ, சுவரோடு சமமாக, காற்றோட்டத்துக்கு ஒதுக்குப்புறமாக. திடீரென மோட்டாரைப் போட்டால் நீர் பெட்டிக்குள் ஏறிவிடும். குழாய்க்கும் பெட்டிக்கும் இடையே ஒரு காலிப் பாட்டிலைப் பொறியாக வைத்து, கீழ் அறையில் உள்ள, வெளிக்காற்றை உள்ளே விடும் கசிவு வால்வை முழுக்கத் திறந்துவிட்டுத் தொடங்குங்கள். அழுத்தத்தைச் சரிசெய்வதும் அதே வால்வால்தான். டிம்மர் வைத்து மோட்டாரின் வேகத்தைக் குறைத்தால் பல மோட்டார்களுக்குக் குளிர்ச்சி போதாது.

மின்னணு சென்சார் வைக்க ஆசைப்பட்டால் எம்.பி.எக்ஸ் 5010 என்ற அழுத்த சென்சார் யு குழாய்க்குப் பதிலாகப் பொருந்தும். 10 கிலோபாஸ்கல் வரை அளக்கும். ஆனால் சென்சாரைப் படிக்கும் 10 பிட் ஆர்டுயினோ சர்க்யூட் பலகையில் ஒரு படி ஏறத்தாழ 1.1 மிமீ நீர். சாய்வுக் குழாயோ ஆறில் ஒரு மிமீயைக் காட்டும். ஓரிஃபிஸ் பக்கம் தண்ணீரே மேல்.

கசிவைத் தேடும்போது இடத்தைப் பிரித்துப் பாருங்கள். கீழ் அறைக் கசிவு மோட்டாரின் பலத்தைத்தான் தின்னும், அளவைக் கெடுக்காது. மேல் அறைக் கசிவு இல்லாத காற்றைக் கணக்கில் சேர்க்கும். தடுப்புப் பலகையைச் சுற்றிய கசிவு வந்த காற்றைக் கணக்கிலிருந்து மறைக்கும். மேல் வாயை ரப்பர் வைத்த கனத் தகட்டால் அடைத்து 20 மிமீ ஓரிஃபிஸோடு ஓட்டுங்கள்: சாய்வுக் குழாய் அசைந்தால் மேல் அறை கசிகிறது. அதை முடித்தபின் ஓரிஃபிஸ் இடத்தில் ஓட்டையில்லாத தகட்டை மாட்டி மறுபடி ஓட்டுங்கள். இப்போது யு குழாய் ஏறினால் குற்றவாளி தடுப்புப் பலகை.

சரிபார்க்க, ஹெட் உட்காரும் இடத்தில் 30 மிமீ கூர்முனைத் தகடு வையுங்கள். 254 மிமீ அழுத்தத்தில் நொடிக்கு 27 லிட்டர் அளவில் வரவேண்டும். வேறுபட்டால் ஓரிஃபிஸின் கெழுவை அதற்கேற்பத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஹெட்டுக்குக் கீழே எஞ்சின் போரின் (சிலிண்டர் துளையின்) அதே விட்டத்தில் குழாய் ஒன்று, நீளம் குறைந்தது விட்டத்தின் அளவு. இன்டேக் வாயில் களிமண்ணால் 12 மிமீ ஆரத்துக்கு வளைவு வையுங்கள். வெறும் கூர்விளிம்பாக விட்டால் போர்ட்டைக் குறை சொல்லவேண்டியிருக்கும். ஸ்பார்க் பிளக் துளையை அடையுங்கள். வால்வுக்கு மென்மையான ஸ்பிரிங் மாட்டி, எம்6 திருகால் தள்ளுங்கள்: ஒரு சுற்று 1 மிமீ. டயல் கேஜ் இருந்தால் இன்னும் நல்லது. முதலில் வால்வு மூடிய நிலையில் ஒரு அளவு எடுங்கள், வால்வு உட்காரும் சீட்டில் கசிவு இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். பிறகு 1 மிமீ வீதம், வால்வு விட்டத்தின் 0.35 பங்குவரை உயர்த்துங்கள். ஒவ்வொரு படியிலும் சோதனை அழுத்தத்தைத் திரும்ப 254-க்குக் கொண்டுவந்த பிறகே சாய்வுக் குழாயைப் படியுங்கள். ஹெட்டைக் கழற்றி மாட்டி மூன்று முறை அளந்ததில் வித்தியாசம் 1 சதவீதத்துக்கு மேல் போனால், போர்ட்டில் அரம் வைப்பதற்கு முன் கேஸ்கட்டைப் பாருங்கள்.