பௌத்தப் பயிற்சியை வயலுக்கும் வேலைக்கும் கொண்டுபோகும்போது நேரும் தவறுகள்

கண்ணை மூடி உட்காருவதிலிருந்துதான் பலர் பயிற்சியைத் தொடங்குகிறார்கள். முதல் தவறு அதுதான். காலையில் இருபது நிமிடம் மூச்சைக் கவனித்துவிட்டு, ராத்திரி முறை மாறிப் போய் மடையைத் திறந்து அடுத்தவர் வயலுக்குப் போகவேண்டிய தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டால், மறுநாள் மூச்சு எங்கே நிற்கும்? மனதில் வந்து நிற்பது அந்த மடைதான். சீலம் (ஒழுக்கம்), சமாதி (மன ஒருமை), பஞ்ஞா (ஞானம்) என்ற வரிசை காரணத்தோடு வைக்கப்பட்டது. மறைக்க வேண்டிய செயல் எதுவும் இல்லாத மனம்தான் சீக்கிரம் அடங்கும்.

இந்த வரிசை நம் மண்ணுக்குப் புதிதல்ல. உறையூரைச் சேர்ந்த பௌத்தத் துறவி புத்ததத்தர் 5-ஆம் நூற்றாண்டில் காவிரிக் கரையில் பூதமங்கலத்து விகாரையில், அதாவது பௌத்த மடத்தில், தங்கித்தான் ‘விநயவினிச்சயம்’ எழுதினார். அது துறவிகளின் ஒழுக்க விதிகளைப் பற்றிய நூல். பிற்பாடு ராஜராஜன் காலத்தில் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் கிராமத்து வருவாய் போனது. நெல்லும் தம்மமும் (புத்தரின் போதனையும்) இங்கே பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்திருக்கின்றன.

ஐந்து சீலங்களையும் பெரிய குற்றங்களாக மட்டும் படிப்பது அடுத்த தவறு. “நான் திருடுவதில்லை” என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் இரண்டாவது சீலம் சொல்வது, தரப்படாததை எடுக்காமை. ஒவ்வொரு பட்டத்துக்கும் மண்வெட்டியால் வரப்பை இரண்டு விரல் சீவி நம் பக்கம் சேர்ப்பது அதில் வரும். நடவு முடிந்தும் கூலியை நாளை, மறுநாள் என்று இழுப்பதும் வரும். முதலாளி செய்ய வேண்டியதாகச் சிகாலோவாத சுத்தம் (சிகாலன் என்ற இல்லறத்தானுக்குப் புத்தர் சொன்ன உபதேசம்) ஐந்தைச் சொல்கிறது: சக்திக்கேற்ற வேலை, உணவும் கூலியும், நோயில் கவனிப்பு, நல்ல பண்டம் வந்தால் பகிர்தல், உரிய நேரத்தில் ஓய்வு. நடவு வயலில் இதற்கு அர்த்தம் ரொம்ப நேரடியானது. குடிதண்ணீர் வரப்பிலேயே இருக்க வேண்டும், உச்சி வெயிலில் நிழலுக்கு ஒதுங்க விட வேண்டும், கூலி அன்று மாலையே கைக்குப் போக வேண்டும்.

விவசாயியை அதிகம் குழப்புவது முதல் சீலமான கொல்லாமைதான். உழும்போது மண்புழு சாகிறதே என்று பயந்து உழவையே பாவமாக நினைப்பவர்கள் உண்டு. அது தேவையில்லை. சேதனை, அதாவது எண்ணம்தான் கம்மம் (வினை) என்பது புத்தரின் சொல். மண்ணைத் தோண்டக்கூடாது என்ற விதி பிக்குகளுக்கானது, உழவருக்கு அல்ல. இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: மருந்து அடிப்பதையும் ‘எண்ணமில்லாமல் நடந்தது’ என்று கணக்கில் சேர்ப்பது. தெளிப்பானைத் தோளில் மாட்டும்போது கொல்லும் எண்ணம் இருக்கத்தான் செய்கிறது. அதை ஒப்புக்கொண்டு, மருந்து அடிக்கும் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் நேர்மையான வழி.

குறைக்க வழி இருக்கிறது. பூச்சி கண்ணில் பட்டதும் அடிக்காமல் வயலில் இறங்கி எண்ணுங்கள். குருத்துப் பூச்சிக்கு ஒரு சதுர மீட்டரில் 2 முட்டைக் குவியலோ, தூர் கட்டும் பருவத்தில் 10 சதவீத நடுக்குருத்துக் காய்தலோ வந்தால்தான் அது பொருளாதாரச் சேத நிலை, அதாவது மருந்து அடிப்பதற்கு அர்த்தம் இருக்கும் அளவு. இலை சுருட்டுப் புழுவுக்கு அந்தப் பருவத்தில் 10 சதவீத இலைச் சேதம். அதற்குக் கீழே இருக்கும்போது அடித்தால் சிலந்தியும் தட்டானும் சேர்ந்து சாகும். அவை போனால் அடுத்த தாக்குதல் பெரிதாக வரும், திரும்பவும் அடிக்க வேண்டிவரும். எலிக்கு வரப்பை ஒடுக்கமாகக் கட்டினால் வளை தோண்ட இடம் குறையும். ஆந்தை உட்காரக் குச்சி நட்டால் மீதியை ஆந்தை பார்த்துக்கொள்ளும். இவ்வளவுக்குப் பிறகும் எலிக் கிட்டி வைக்க நேர்ந்தால், வைக்கிறோம் என்ற நினைவோடு வையுங்கள். சாக்கு தேட வேண்டாம்.

உரக்கடை நடத்துபவர்களுக்கு இது இன்னும் கடினம். தவிர்க்க வேண்டிய வணிகங்களாக ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு என்று ஐந்து சொல்லப்பட்டுள்ளன. பூச்சிமருந்து அந்தக் கடைசி வார்த்தைக்குள் வராது என்று வாதாடுவதில் பயனில்லை. உடனே கடையை மூட முடியாதவர், வயல் நிலவரம் கேட்காமல் மருந்து கொடுப்பதையும் தேவையில்லாத ‘டானிக்’ பாட்டிலைத் தலையில் கட்டுவதையும் இன்றே நிறுத்தலாம். வியாபாரத்தை விதை, இயற்கை இடுபொருள் பக்கம் மெல்ல நகர்த்தலாம்.

இனி உட்காருவது. சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தால் தூக்கம் வரும், விடியலில் சாப்பிடுமுன் உட்காருங்கள். ஜமக்காளத்தை மடித்துப் போட்டு இடுப்பு முட்டியைவிடச் சற்று உயரமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பத்தே நிமிடத்தில் கால் மரத்து, கவனமெல்லாம் காலில் போகும். மூச்சை இழுத்து அடக்க வேண்டாம். அது பிராணாயாமம், இது வேறு. மூச்சை எண்ணுவதானால் ஐந்துக்குக் குறையாமல், பத்துக்கு மேல் போகாமல் எண்ண வேண்டும். நாற்பது, ஐம்பது என்று போய்விட்டால் வாய் எண்ணிக்கொண்டிருக்க மனம் எங்கோ போயிருக்கிறது என்று பொருள். தூக்கம் வந்தால், தன் சீடர் மொக்கல்லானருக்குப் புத்தர் சொன்ன வழிகள் இருக்கின்றன: காது மடலை இழு, கண்ணில் தண்ணீர் விடு, எழுந்து நட, எதற்கும் அடங்காவிட்டால் படுத்துத் தூங்கு. தூங்குவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

அமைதி என்ற பெயரில் நடக்கும் தவறுகள்தான் அதிகம் கெடுதல் செய்கின்றன. உபேட்சையை, அதாவது மனச் சமநிலையை, ‘எது நடந்தால் என்ன’ என்று புரிந்துகொள்வது ஒன்று. கார்த்திகை மழையில் சம்பா மூழ்கினால், அழுது புலம்பாமல் இருப்பது பயிற்சி. எல்லாம் அநித்தியம், நிலையற்றது என்று சொல்லி, கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்காமல் பயிர்க் காப்பீட்டுக்குப் பணம் கட்டாமல் விட்டுவிடுவது வெறும் சோம்பல். வியக்கபஜ்ஜர் என்ற இல்லறத்தாருக்குப் புத்தர் சொன்ன இல்லற நலன்களில் முதலாவது முயற்சி, இரண்டாவது சேர்த்ததைக் காப்பது.

பேசாமல் இருப்பதே நல்ல பேச்சு என்று நினைப்பது இன்னொன்று. கொள்முதல் நிலையத்தில் எடை குறைந்தால் கேட்கத்தான் வேண்டும். உரிய நேரம், உண்மை, மென்மை, பயன், அன்பு மனம் என்ற ஐந்தும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள். எடை போடும் தொழிலாளியைக் கூட்டத்தில் வைத்துத் திட்டினால் முதலும் மூன்றும் போய்விடும். தராசைத் திரும்பப் பார்க்கச் சொல்லி, எழுதி வைத்து, பொறுப்பாளரிடம் தனியாகச் சொன்னால் ஐந்தும் நிற்கும். அலுவலகத்தில் கோபத்தோடு அடித்த வாட்ஸ்அப் செய்திக்கும் இதே சோதனைதான்.

கடன் வாங்கித் தானம் செய்வதும் தவறு. வருமானத்தை நாலு பங்காக்கி, ஒன்றில் வாழ்ந்து, இரண்டைத் தொழிலில் போட்டு, நாலாவதை ஆபத்துக்கு வைக்கச் சொல்கிறது சிகாலோவாதம். வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி வரும் டெல்டாவில் அந்த நாலாவது பங்கைத் தொட்டுத் தானம் செய்யாதீர்கள்.

பௌர்ணமி அன்று எட்டுச் சீலம் எடுத்துக்கொண்டு மதியத்துக்கு மேல் சாப்பிடாமல் இருப்பவர்கள் அறுவடை நாளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாள் முழுக்க வெயிலில் கதிர் அறுப்பவர் அன்று ஐந்து சீலத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் மாலை உணவைத் தவிர்க்கவே கூடாது. மற்ற ஏழு சீலங்களையும் காத்துக்கொண்டு, மருத்துவர் சொன்ன நேரத்தில் சாப்பிடட்டும்.