அமெரிக்கத் தென்மாநிலக் குடும்பத்தின் வேர்களை நிலப் பத்திரங்களிலும் சொத்து ஆவணங்களிலும் தேடுவது எப்படி

அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் இன்று தென்மாநிலத்து மருமகனோ மருமகளோ இருக்கிறார். பேரப்பிள்ளைகளுக்காகக் குடும்ப வரலாற்றை எழுத முற்படும்போது, அந்தப் பாதியை எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்வி எழுகிறது. பெரும்பாலோர் முதலில் பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களைத் தேடுவார்கள். அவை வெகுதூரம் துணைக்கு வருவதில்லை. மாநிலம் முழுவதற்குமான பதிவு முறை வட கரோலினாவில் 1913இலும், தென் கரோலினாவில் 1915இலும், ஜார்ஜியாவில் 1919இலும்தான் நடைமுறைக்கு வந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790இல் தொடங்கினாலும் 1840 வரை குடும்பத் தலைவரின் பெயரை மட்டுமே எழுதினார்கள். மனைவியும் பிள்ளைகளும் வயதுவாரியான எண்ணிக்கையாக மட்டும் இடம்பெற்றார்கள். சுதந்திர மக்கள் ஒவ்வொருவரின் பெயரும் 1850இல்தான் கணக்கில் ஏறியது. அடிமைப்படுத்தப்பட்டிருந்தவர்களில் மிகப் பெரும்பாலோரின் பெயர் 1870 கணக்கெடுப்பில்தான் முதன்முறையாக வருகிறது.

அதற்கு முந்தைய நூற்றாண்டுகளைப் பற்றிப் பேசுபவை கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) நீதிமன்றங்களில் பதிவான நிலப் பத்திரங்களும், இறந்தவரின் சொத்தைப் பங்கிட்டபோது உருவான ஆவணங்களும்தான். இவற்றை எழுதியவர்களுக்குக் குடும்ப உறவைப் பதிவு செய்யும் நோக்கம் இருக்கவில்லை. சொத்து யாருக்கு உரியது என்பதை நிலைநாட்டவே எழுதினார்கள். அதற்குத் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் மகன், மருமகன், கைம்பெண், பேரன் என்று குறித்தார்கள். ஆகவே தேடுபவரும் தம் கேள்வியை மாற்றிக்கொள்ள வேண்டும். இவருடைய தந்தை யார் என்று கேட்பதைவிட, இந்த நிலம் இவர் கைக்கு எப்படி வந்தது, இவர் கையிலிருந்து எப்படிப் போனது என்று கேட்பது பயன் தரும்.

தேடலைத் தெரிந்த தலைமுறையிலிருந்து பின்னோக்கித் தொடங்குங்கள். 1850 முதல் 1880 வரையிலான கணக்கெடுப்புகளில் குடும்பம் எந்தக் கவுண்டியில் இருந்தது என்பதை உறுதி செய்துகொண்டு, அந்தக் கவுண்டி எப்போது, எதிலிருந்து பிரிந்தது என்பதை உடனே பாருங்கள். வட கரோலினாவின் இன்றைய காஸ்டன் கவுண்டி நல்ல எடுத்துக்காட்டு. அங்கே ஒரே பண்ணையில் தலைமுறை தலைமுறையாக இடம் மாறாமல் வாழ்ந்த குடும்பத்தின் ஆவணங்கள், பிளேடனிலிருந்து 1750இல் பிரிந்த ஆன்சன், பிறகு 1762ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான மெக்லன்பர்க், 1768ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான டிரையன், 1779இல் வந்த லிங்கன், 1846இல் வந்த காஸ்டன் எனப் பல கவுண்டிகளின் நூல்களில் சிதறிக் கிடக்கும். டிரையன் என்ற கவுண்டியே இன்று இல்லை. தென் கரோலினாவில் நிலைமை வேறு: 1785க்கு முன் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி வாழ்ந்தவர்களின் பத்திரங்களையும் உயில்களையும் சார்லஸ்டன் பதிவுகளில்தான் தேட வேண்டும்.

பத்திரப் பதிவு நூல்களுக்கு விற்றவர் பெயர் வரிசையில் ஒன்றும், வாங்கியவர் பெயர் வரிசையில் ஒன்றுமாக இரண்டு அட்டவணைகள் உண்டு. இரண்டையும் பார்த்து, அந்தக் குடும்பப் பெயருடைய அனைவரின் பத்திரங்களையும் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு நிலத்துக்கும் அது வந்த வழியையும் போன வழியையும் எழுதுங்கள். நம் ஊரில் மனை வாங்குபவர் தாய்ப்பத்திரத்திலிருந்து வரிசையாகச் சரிபார்ப்பது போன்ற வேலைதான் இது. ஆனால் அங்கே தொடர் அறுந்திருப்பதைத் தேடுகிறோம். அறுந்த இடம்தான் நமக்கு வேண்டியது. ஒருவர் 200 ஏக்கரை விற்கிறார், அவர் அதை வாங்கியதற்கோ அரசிடமிருந்து மானியமாகப் பெற்றதற்கோ பதிவே இல்லை என்றால், பரம்பரையாக வந்திருக்கக்கூடும் என்பதே முதல் ஊகம். அதே நிலத்தை முன்பு வாங்கி, விற்காமலேயே மறைந்த மனிதரைத் தேடுங்கள்.

இந்த இடத்தில் வாரிசுச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே சேரும் என்ற ஆங்கிலேய வழக்கத்தை ஜார்ஜியா 1777இலும், வட கரோலினா 1784இலும், தென் கரோலினா 1791இலும் கைவிட்டன. வர்ஜீனியாவில் மாற்றம் 1787 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் உயிலில்லாமல் இறந்தவரின் நிலத்தைத் தனியொருவர் விற்றால் அவர் மூத்த மகனாகவோ, மூத்த மகனின் மகனாகவோ இருக்க வாய்ப்பு மிகுதி. அதற்குப் பிறகு இறந்தவர் என்றால் பிள்ளைகள் எல்லோருக்கும் பங்கு உண்டு. ஆளுக்கு ஆறில் ஒன்று, எட்டில் ஒன்று என்று பாகத்தை விற்ற பத்திரங்கள் வரிசையாகக் கிடைக்கும். ஆறில் ஒன்று என்ற அந்தப் பின்னமே வாரிசுகள் எத்தனை பேர் என்பதைக் காட்டும்.

விலையையும் கவனியுங்கள். அன்பையும் பாசத்தையும் முன்னிட்டுக் கொடுக்கப்பட்டதாக எழுதியிருந்தால் அது தானப் பத்திரம். பெரும்பாலும் தந்தை மகனுக்கோ மருமகனுக்கோ எழுதியது. குடியேற்றக் காலத்துப் பத்திரங்களில் ஒரே நிலத்துக்கு அடுத்தடுத்த நாள் தேதியில் இரண்டு ஆவணங்கள் இருப்பதுண்டு. முதலாவது சில ஷில்லிங்குகளுக்கு ஓராண்டுக் குத்தகை, மறுநாளையது முழு விற்பனை. உண்மையான விலை இரண்டாவதில்தான் இருக்கும். முதலாவதை மட்டும் படித்தவர், உறவினருக்குச் சும்மா கொடுத்ததாகத் தவறாக எண்ணிவிடுவார். கணவன் நிலத்தை விற்கும்போது மனைவியைத் தனியே அழைத்து, கட்டாயமில்லாமல் சம்மதிக்கிறாரா என்று கேட்டுப் பதிவு செய்யும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. கணவன் இறந்தபின் ஆயுள்வரை அனுபவிக்க வேண்டிய மூன்றில் ஒரு பங்கை அவர் விட்டுக்கொடுப்பதற்கான சம்மதம் அது. ஒரு பெண்ணின் பெயர் ஆவணத்தில் வரும் ஒரே இடம் அதுவாக இருக்கலாம். டென்னசிக்கோ அலபாமாவுக்கோ குடிபெயர்ந்த பிள்ளைகள், ஊரில் தங்கள் பங்கை வாங்கித்தர ஒருவரை நியமித்து எழுதிய அதிகாரப் பத்திரங்களைத் தவறவிடாதீர்கள். எந்த மகன், எந்த மகளின் கணவன், எந்த மாநிலத்துக்குப் போனார் என்பதை அவை ஒரே பக்கத்தில் சொல்லிவிடும்.

நிலத்தின் எல்லை விவரத்தைப் பலர் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். அதுதான் மிக வளமான பகுதி. வர்ஜீனியா, கரோலினாக்கள், ஜார்ஜியா, கென்டக்கி, டென்னசி ஆகிய மாநிலங்களில் எல்லையை மரங்களையும் ஓடைகளையும் அண்டை நிலங்களையும் சொல்லியே குறித்தார்கள். ஓடைக்கரையில் நிற்கும் வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, வடக்கிலிருந்து 40 பாகை கிழக்காக 120 ‘போல்’ (pole என்ற நீள அளவு) சென்று, இன்னாருடைய எல்லையில் உள்ள ஹிக்கரி மரத்தை அடைந்து என்ற முறையில் அது போகும். ஒரு போல் 16.5 அடி, ஆகவே 120 போல் என்பது 1,980 அடி. 4 போல் சேர்ந்தது 66 அடிச் சங்கிலி. கட்டத் தாளில் பாகைமானியைக் கொண்டு இந்தக் கோடுகளை வரைந்தால் நிலத்தின் வடிவம் வந்துவிடும். அண்டை நிலங்களையும் அப்படியே வரைந்து ஒட்டிப் பார்த்தால், எந்தப் பண்ணை எதிலிருந்து பிரிந்தது, பெயர் ஒன்றாக இருக்கும் இருவரில் யார் எந்த ஓடைக்கரையில் வாழ்ந்தார் என்பதெல்லாம் தெளிவாகும். அளவையின்போது சங்கிலி பிடித்தவர்களின் பெயர் அளவை வரைபடத்தில் இருக்கும். அவர்கள் பலமுறை அண்டை வீட்டாராகவோ உறவினராகவோ இருந்தார்கள்.

அலபாமா, மிசிசிப்பி, ஆர்கன்சா, புளோரிடா ஆகிய மாநிலங்களில் பெருமளவு நிலம் கூட்டாட்சி அரசின் சதுர அளவை முறையில் வந்தது. 6 மைல் சதுரம் ஒரு டவுன்ஷிப், அதில் 36 பிரிவுகள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். அரசிடமிருந்து முதலில் வாங்கியவர்களின் பட்டயங்களை நில மேலாண்மைத் துறையின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஜார்ஜியா 1805 முதல் 1830களின் தொடக்கம் வரை, கிரீக், செரோக்கி மக்களிடமிருந்து பறித்த நிலத்தைக் குலுக்கல் சீட்டில் கொடுத்தது. லூசியானாவில் சட்ட மரபே வேறு. அங்கே பிரெஞ்சு, ஸ்பானிய மொழிகளில் நோட்டரிகள் எழுதிய ஆவணங்களில் பெண்கள் பிறந்த வீட்டுப் பெயராலேயே குறிக்கப்படுவதால், மற்ற மாநிலங்களில் கிடைக்காத தாய்வழித் தொடர்பு எளிதாகக் கிடைக்கும்.

சொத்து ஆவணங்களுக்கு வருவோம். உயில் கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடுவது பரவலான பழக்கம். உயிலில் எல்லாப் பிள்ளைகளும் இருக்க வேண்டும் என்பதில்லை. முன்பே நிலம் பெற்ற மகனை விட்டுவிட்டும் எழுதினார்கள். உயிலுக்குப் பின் நடந்தவைதான் விரிவானவை. நிர்வாகியின் பிணைப் பத்திரம், அதில் கையெழுத்திட்ட ஜாமீன்தாரர்கள், சொத்துப் பட்டியலும் மதிப்பீடும், ஏலக் கணக்கு, ஆண்டுக் கணக்குகள், பங்கீடு, பங்கைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதுகள் என்று அது நீளும். ஏலக் கணக்கில் யார் என்ன வாங்கினார் என்பதைப் பாருங்கள். கைம்பெண் தம் படுக்கையையும் சமையல் பாத்திரங்களையும் தாமே விலை கொடுத்து வாங்கியிருப்பார். மகன்களும் மருமகன்களும் ஏரையும் குதிரையையும் எடுத்திருப்பார்கள். தாய் உயிரோடு இருந்தாலும் தந்தையை இழந்த சிறாரின் சொத்துக்கு நீதிமன்றம் காப்பாளரை நியமித்தது. பொதுவாக 14 வயதானவர் தம் காப்பாளரைத் தாமே தேர்ந்தெடுக்கலாம் என்பதால், தேர்ந்தெடுத்த ஆண்டு பிறந்த ஆண்டைக் கணிக்க உதவும். அந்தக் கணக்கை ஆண்டுதோறும் பின்தொடர்ந்தால், ஓரிடத்தில் சிறுமியின் பெயர் நின்று, அவருக்குப் பதிலாக ஓர் ஆணின் கையெழுத்து வரும். பெரும்பாலும் அவர்தான் கணவர்.

இவற்றில் பல, நூல்களில் படியெடுக்கப்படாத தனித்தாள்களாகக் கட்டுகளில் உள்ளன. வட கரோலினா மாநில ஆவணக் காப்பகம் அவற்றைக் கவுண்டி வாரியாகவும் பெயர் வாரியாகவும் அடுக்கி வைத்திருக்கிறது. வர்ஜீனியா நூலகம் சொத்துத் தகராறுகளை விசாரித்த சான்சரி நீதிமன்றத்தின், பங்காளி வழக்குகள் நிறைந்த கட்டுகளைப் பெருமளவில் இணையத்தில் ஏற்றியுள்ளது. ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் ஏராளமான கவுண்டி நூல்களைப் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். கையெழுத்தைக் கணினியே படித்துத் தேடித்தரும் வசதியும் அங்கே உண்டு. நீதிமன்றம் எரிந்துபோன கவுண்டிகளில் மனம் தளர வேண்டாம். வர்ஜீனியாவின் பக்கிங்ஹாம் நீதிமன்றம் 1869இல் எரிந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் பாதுகாப்புக்காக ரிச்மண்டுக்கு அனுப்பப்பட்ட பல கவுண்டிகளின் நூல்கள் 1865 ஏப்ரலில் அந்த நகரத்தோடு எரிந்தன. ஆனால் 1782 முதலான நிலவரிப் பட்டியல்களின் பிரதி மாநில அரசிடம் இருந்ததால், நிலம் ஆண்டுதோறும் யார் பெயரில் இருந்தது என்பதை இன்றும் பின்தொடரலாம்.

தேடும் குடும்பம் அடிமைப்படுத்தப்பட்டவர்களின் வழிவந்தது என்றால், இதே ஆவணங்கள்தான் வழி. ஆனால் தேட வேண்டியது வேறொரு குடும்பத்தின் பெயரில். மிஷேல் ஒபாமாவின் ஐந்து தலைமுறைக்கு முந்தைய மூதாதையான மெல்வினியாவின் கதை இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. அவருடைய 1938ஆம் ஆண்டு இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயருக்கான இடத்தில் தெரியாது என்றே எழுதியிருக்கிறது. தென் கரோலினாவின் டேவிட் பேட்டர்சன் 1850இல் எழுதிய உயிலில் அவர் பெயர் இருக்கிறது. 1852இல் பேட்டர்சன் இறந்தபின் தயாரான மதிப்பீட்டில் சிறுமி மெல்வினியாவுக்கு 475 டாலர் என்று விலை குறித்திருக்கிறார்கள். அந்தச் சிறுமியை ஜார்ஜியாவில் இருந்த பேட்டர்சனின் மகள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மெல்வினியாவின் வழிவந்தவர்கள் தாங்கிய ஷீல்ட்ஸ் என்ற பெயர் அந்த மகளின் கணவருடையது. ஷீல்ட்ஸ் என்ற பெயரை மட்டும் தேடியவர் தென் கரோலினாவை ஒருபோதும் எட்டியிருக்க முடியாது.

ஆகவே 1870 கணக்கெடுப்பில் குடும்பத்தைக் கண்டதும், அருகில் வாழ்ந்த நில உடைமையாளர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 1865 முதல் 1872 வரை இயங்கிய விடுதலையானவர்களுக்கான நலத் துறையின் (Freedmen's Bureau) வேலை ஒப்பந்தங்களும், அவர்களுக்காகவே நடந்து 1874இல் மூடப்பட்ட ஃப்ரீட்மன் வங்கியின் கணக்குப் பதிவுகளும் முன்னாள் உடைமையாளரின் பெயரைத் தரக்கூடும். அந்தப் பெயர் கிடைத்தபின் அவருடைய சொத்து ஆவணங்களோடு நிற்க வேண்டாம். 1865க்குப் பிறகு இறந்தவரின் பட்டியலில் அடிமைப்படுத்தப்பட்டவர்கள் இருக்க மாட்டார்கள். அவருடைய தந்தை, மாமனார், விதவைப் பாட்டி ஆகியோரின் பட்டியல்களும், கடனுக்கு மனிதர்களை ஈடுவைத்த அடமானப் பத்திரங்களும், மகளின் திருமணத்தின்போது எழுதிய தானப் பத்திரங்களும்தான் பேசும். கைம்பெண்ணின் ஆயுள் பங்கு எவ்வளவு கொடுமையானது என்பதற்கு ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் பண்ணையே சான்று. 1799இல் அவர் எழுதிய பட்டியலில் அடிமைப்படுத்தப்பட்டவர்கள் 300க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர், வாஷிங்டனின் மனைவி மார்த்தாவுக்கு முதல் கணவராக இருந்து 1757இல் உயிலின்றி இறந்த கஸ்டிஸின் சொத்திலிருந்து வந்தவர்கள். வாஷிங்டன் தம் உயிலால் அவர்களை விடுவிக்க முடியவில்லை. 1802இல் மார்த்தா இறந்ததும் அவர்கள் கஸ்டிஸ் பேரப்பிள்ளைகளுக்குப் பங்கிடப்பட்டார்கள். வாஷிங்டனுக்கே உரியவர்கள், கஸ்டிஸ் சொத்தைச் சேர்ந்தவர்கள் என்ற இரு பிரிவுகளுக்கும் இடையே மணம் செய்திருந்த குடும்பங்கள் உடைந்தன.

பட்டியலைப் படிக்கும்போது வரிசையை மாற்றாமல் அப்படியே படியெடுங்கள். தாயும் குழந்தைகளும் பலமுறை அடுத்தடுத்து எழுதப்பட்டிருப்பார்கள். பெயர், வயது, விலை மூன்றையும் மதிப்பீட்டிலும் பங்கீட்டிலும் அடுத்த தலைமுறையின் பட்டியலிலும் ஒப்பிட்டால்தான் ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறிய முடியும். நீங்கள் தேடுவது உடைமையாளர் குடும்பமாக இருந்தால், உங்கள் கைக்கு வரும் அந்தப் பெயர்கள் வேறு எவருடைய முன்னோரோ. அந்தப் பக்கத்தை முழுமையாகப் படியெடுத்து, மாநிலம், கவுண்டி, நூல் எண், பக்க எண், தேதி ஆகியவற்றுடன் வம்சாவளித் தளங்களில் எவரும் தேடிப் பெறும்படி ஏற்றிவிடுங்கள்.