நாய்க்குட்டி வீட்டுக்குள்ளேயே போகிறதா? பழக்கும் முறை

புதிதாக நாய்க்குட்டி வந்த வீட்டில் முதல் வாரமே எழும் கேள்வி இது: மலம், மூத்திரத்துக்கு எப்போது வெளியே போகப் பழகும்? பெரும்பாலான குட்டிகள் முழுதாகப் பழக நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். சில குட்டிகளுக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். 'பத்தே நாளில்' என்று வீடியோ போடுகிறவர்களை நம்பி, பதினோராவது நாள் குட்டியைத் திட்டாதீர்கள்.

இரண்டு மாதக் குட்டிக்கு மூத்திரப்பை சின்னது, அடக்கிப் பிடிக்கும் தசையும் இன்னும் வலுப்படவில்லை. அதன் மாத வயதோடு ஒன்றைக் கூட்டினால் வருவதுதான் அது சும்மா இருக்கும்போது அடக்கக்கூடிய மணி நேரம் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. அதாவது இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம், அதுவும் அதிகபட்சமாக. விழித்து ஓடியாடும் நேரத்தில் அரை மணிக்கு ஒருமுறை வந்தாலும் ஆச்சரியமில்லை. ஆகவே 'வேண்டுமென்றே செய்கிறது' என்ற பேச்சுக்கு இடமே இல்லை. உள்ளே போகும் வாய்ப்பைக் குறைப்பது, வெளியே போனால் லாபம் என்று காட்டுவது, உள்ளே போன இடத்தின் வாடையை அழிப்பது. வேலை இந்த மூன்றுதான்.

முதல் படி: இடத்தை முடிவு செய்யுங்கள்

குட்டிகள் ஏறக்குறைய இரண்டு மாத வயதிலேயே 'எந்தத் தரையில் போவது' என்று பாதத்தின் உணர்வை வைத்துப் பழகிவிடுகின்றன. தெருவில் மணலில் பிறந்த குட்டி மணலைத் தேடும். சிமென்ட் தரையில் அடைத்து வளர்த்த குட்டிக்கு உங்கள் ஹாலும் கழிப்பிடம்தான். குட்டியை வாங்கும்போதே இதுவரை எங்கே போய்க்கொண்டிருந்தது என்று கேட்டுவிடுங்கள். பாதி வேலை மிச்சம்.

தனிவீடு என்றால் தோட்டத்தில் ஒரு மூலை போதும், ஆனால் தினமும் அதே மூலை. பிளாட்டில்தான் சிக்கல். மூன்றாவது மாடியில் லிப்ட் வருவதற்குள் குட்டி முடித்துவிடும். தடுப்பூசி பிரச்சினையும் இருக்கிறது. குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ என்ற தொற்றுநோயின் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நான்கு மாத வயதுவாக்கில் தடுப்பூசி வரிசை முடியும்வரை, தெருநாய்கள் புழங்கும் இடத்தில் குட்டியைத் தரையில் விடக் கூடாது. அதுவரை பால்கனியிலோ மொட்டை மாடியிலோ அகலமான, விளிம்பு தாழ்ந்த ஒரு பிளாஸ்டிக் தட்டில் சுத்தமான மணல் பரப்பி வையுங்கள். மணலுக்குப் பதில் தட்டில் வைக்கப் புல்தரைத் துண்டு கிடைத்தால் இன்னும் நல்லது.

செய்தித்தாள் விரிக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. குட்டி சீக்கிரம் பழகும், சரி. அப்புறம் தரையில் கிடக்கும் எந்தக் காகிதமும் அதற்குக் கழிப்பிடம். பையனின் ஹோம்வொர்க் நோட்டும் அதில் சேர்த்தி. கடையில் விற்கும் டிரெயினிங் பேடும் அப்படித்தான். மெத்தென்று உறிஞ்சுவதில் கால்மிதிக்கும் அதற்கும் குட்டிக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் முதல் சில வாரங்களுக்குக் கால்மிதி, ஜமக்காளம், பாய் எல்லாவற்றையும் சுருட்டிப் பரண் மேல் போட்டுவிடுங்கள்.

இரண்டாவது படி: சாப்பாட்டுக்கு நேரம்

கிண்ணத்தில் நாள் முழுக்கச் சாப்பாடு இருந்தால் நாள் முழுக்கப் போய்க்கொண்டிருக்கும். இரண்டு, மூன்று மாதக் குட்டிக்கு ஒரு நாளில் மூன்று அல்லது நான்கு வேளை, நேரம் மாறாமல். கால் மணி நேரத்தில் சாப்பிடாவிட்டால் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். தண்ணீரை மட்டும் நிறுத்தவே கூடாது, அதுவும் நம் ஊர் வெயிலில்.

நம் வீடுகளில் குட்டி என்றாலே பால்சோறு. பல குட்டிகளுக்கு மாட்டுப்பால் செரிக்காது, வயிற்றைக் கலக்கிவிடும். பேதியாகும் குட்டியை யாராலும் பழக்க முடியாது. பாலை நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்த வீடுகள் உண்டு. வயிற்றுப் பூச்சிக்கான மருந்தும் வேளைக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

மூன்றாவது படி: கூட்டிக்கொண்டு போவது

தூங்கி எழுந்ததும், விளையாடி ஓய்ந்ததும், வீட்டுக்கு விருந்தாளி வந்து ஆர்ப்பாட்டம் செய்ததும், படுக்கப்போகும் முன்பும் கூட்டிப் போக வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் போக வேண்டியிருக்கும், ஏனென்றால் வயிறு நிரம்பியதும் குடல் தானாக அசையத் தொடங்கும். இவை தவிர, விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை.

தொடக்கத்தில் தூக்கிக்கொண்டே போங்கள், நடக்கவிட்டால் வழியிலேயே உட்கார்ந்துவிடும். இடத்துக்குப் போனதும் பெல்ட்டைப் பிடித்தபடி மரம்போல நில்லுங்கள். கொஞ்சல், போன், விளையாட்டு எதுவும் வேண்டாம். குட்டி உட்காரும்போது மெதுவாக ஒரே சொல்லைச் சொல்லுங்கள். 'சூ போ', 'சீக்கிரம்', எதுவானாலும் சரி, வீட்டில் எல்லோரும் அதையே சொல்ல வேண்டும்.

முடித்த அந்த நொடியில், அந்த இடத்திலேயே பாராட்டும் தீனியும். வேகவைத்த கோழித் துணுக்கு ஒன்று போதும். உள்ளே வந்து பிஸ்கட் டப்பாவைத் திறந்து கொடுத்தால், 'உள்ளே ஓடி வந்ததற்குப் பரிசு' என்றுதான் அது புரிந்துகொள்ளும். இன்னொன்று: முடித்த உடனே உள்ளே இழுத்து வராதீர்கள். முடித்தால் வெளியுலகம் போச்சு என்று புரிந்துகொண்டால், கெட்டிக்காரக் குட்டி அடக்கி வைத்துக்கொண்டு ஊர் சுற்றப் பார்க்கும். ஐந்து நிமிடம் விளையாட விட்டு அழைத்து வாருங்கள்.

ஐந்து நிமிடம் நின்றும் போகவில்லையா? உள்ளே வந்து மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி போங்கள். தரையில் விட்டால் அடுத்த நிமிடமே சோபாவுக்குப் பின்னால் முடிந்திருக்கும்.

நான்காவது படி: உள்ளே கண் வைத்திருப்பது

குட்டி உங்கள் கண்ணில் இருக்க வேண்டும், இல்லையென்றால் சின்ன இடத்தில் இருக்க வேண்டும். சமைக்கும்போது நீளக் கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். கூண்டு வைத்தால், எழுந்து நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடமிருக்கும் அளவு போதும். படுக்கும் இடத்தை நாய் அசுத்தம் செய்ய விரும்பாது, ஆனால் கூண்டு பெரிதாக இருந்தால் ஒரு மூலையைக் கழிப்பிடமாக்கிவிடும். அதில் போட்டுப் பூட்டிவிட்டு நாளெல்லாம் ஆபீஸ் போவது பழக்குவது ஆகாது, கொடுமை.

விளையாட்டை நடுவில் நிறுத்தி மோப்பம் பிடிப்பது, வட்டமடிப்பது, அறையை விட்டு நைசாக நழுவுவது ஆகியவை அறிகுறிகள். பார்த்ததும் தூக்குங்கள்.

ஐந்தாவது படி: உள்ளேயே போய்விட்டால்

போய்க்கொண்டிருக்கும்போது பார்த்தால் லேசாக ஒரு கைத்தட்டு, உடனே தூக்கி வெளியே. மிச்சத்தை அங்கே முடித்தால் வழக்கம்போலப் பாராட்டு. பிறகுதான் பார்த்தீர்கள் என்றால் ஒன்றும் செய்யாதீர்கள், துடையுங்கள்.

மூக்கைத் தேய்ப்பது, சுருட்டிய பேப்பரால் அடிப்பது எல்லாம் பழைய வைத்தியம். இதில் குட்டி கற்றுக்கொள்வது ஒன்றே: இந்த ஆள் பார்க்கும்போது போகக் கூடாது. விளைவு, வெளியே உங்கள் முன்னால் போகாது, உள்ளே கட்டிலுக்கு அடியில் போகும். 'தப்பு செய்தது அதற்கே தெரியும், முழியைப் பார்' என்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009இல் இதைச் சோதித்துப் பார்த்தார். தப்பு செய்ததோ இல்லையோ, எஜமானர் திட்டும்போதுதான் நாய்களிடம் அந்த முழி அதிகம் தெரிந்தது. உங்கள் கோபத்துக்கான பதில்தான் அது.

இனி சுத்தம் செய்வது. நம் வீடுகளில் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். நமக்கு வாடை போனாலும் குட்டியின் மூக்குக்கு அது அப்படியே இருக்கும், மறுபடி அதே இடத்துக்குத்தான் வரும்.

முதலில் பழைய துணியால் ஒற்றி எடுங்கள். மாப்பால் இழுத்தால் வாடை அறை முழுக்கப் பரவும். பிறகு சோப்புத் தண்ணீர். அதன்பின் நாய், பூனை மூத்திரத்துக்கென்றே பெட் ஷாப்பில் விற்கும் என்சைம் கிளீனரை ஊற்றி, பாட்டிலில் சொல்லியிருக்கும் நேரம் ஊற விடுங்கள். உடனே துடைத்தால் காசுதான் வீண். டைல்ஸ் இடுக்குகளில் இறங்கியிருக்கும், அங்கே தாராளமாகவே ஊற்றுங்கள். என்சைம் கிடைக்காவிட்டால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு. மார்பிள், மொசைக், சிவப்பு சிமென்ட் தரையில் மட்டும் வினிகர் வேண்டாம், பளபளப்பை அரித்துவிடும்.

பினாயில் வேண்டாம். மணம் மூடுமே தவிர வாடை போகாது. ஈரத்தில் நடந்த பாதத்தைக் குட்டி நக்கினால் அதன் உடம்புக்கும் கேடு. அமோனியா கலந்த கிளீனரின் வாடை குட்டிக்கு மூத்திர வாடை போலவே இருக்கலாம். மூத்திரத்தின் மேல் பிளீச்சிங் பவுடர் போட்டால் நச்சுப்புகை வரும், வினிகரோடு சேர்ந்தால் இன்னும் மோசம்.

எங்கிருந்தோ வாடை வருகிறது, இடம் தெரியவில்லையா? கள்ளநோட்டு பார்க்கக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் யுவி டார்ச்சை இருட்டில் அடித்துப் பாருங்கள். காய்ந்த மூத்திரக் கறை பளிச்சென்று தெரியும்.

இரவும் மழையும்

முதல் சில வாரம் குட்டியை உங்கள் அறையிலேயே படுக்க வையுங்கள். இரவில் ஒருமுறை, சில நாள் இரண்டுமுறை எழத்தான் வேண்டும். விளக்கைப் பெரிதாகப் போடாமல், பேசாமல், போனோமா வந்தோமா என்றிருந்தால் அது நடுச்சாமத்தில் விளையாடக் கூப்பிடாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பல குட்டிகள் ஈரத்தில் கால் வைக்க மறுக்கும். மணல் தட்டைச் சன்ஷேடுக்குக் கீழே நகர்த்துங்கள், அல்லது குடையோடு கூடவே நில்லுங்கள். சித்திரை வெயிலில் மொட்டை மாடி வேறு விதமான தொல்லை. புறங்கையை ஐந்து நொடி தரையில் வைக்க முடியவில்லை என்றால் குட்டியின் பாதமும் அங்கே வேண்டாம்.

டாக்டரிடம் போக வேண்டியவை

நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று உள்ளே போக ஆரம்பித்தாலோ, சொட்டுச் சொட்டாக அடிக்கடி போனாலோ, ரத்தம் கலந்திருந்தாலோ மூத்திரத் தொற்றாக இருக்கலாம். வாந்தியும் ரத்தப் பேதியும் சேர்ந்து வந்தால் பார்வோவாக இருக்கலாம், அன்றைக்கே ஓடுங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

நீங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் வாலை ஆட்டிக்கொண்டே இரண்டு சொட்டு விடுவது நோயும் அல்ல, திமிரும் அல்ல. உற்சாகமோ பயமோதான். குனிந்து தலைமேல் கை வைக்காமல், ஒரு நிமிடம் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டு, பக்கவாட்டில் உட்கார்ந்து தடவிக்கொடுங்கள். வளர வளரப் பெரும்பாலும் நின்றுவிடும்.

ஒரு அறையில் சில வாரம் உள்ளே போகாமல் இருந்தால் அடுத்த அறையைத் திறந்துவிடுங்கள். அங்கே தவறினால் மறுபடி பழைய அறைக்கே ஒரு வாரம். ஆண் குட்டி ஆறேழு மாதத்தில் காலைத் தூக்கிச் சோபா காலில் அடிக்க ஆரம்பித்தால் அது வேறு கதை: எல்லை குறிக்கிறது. கருத்தடை அறுவைச் சிகிச்சை பற்றி டாக்டரிடம் அப்போது கேளுங்கள்.