ஜப்பானில் பழைய ஃப்ளாட் வாங்கி வாடகைக்கு விட: முதல் முறை வாங்குபவர்களுக்கு

ஜப்பானில் 'மன்ஷோன்' என்றதும் திருவல்லிக்கேணி மேன்ஷனை நினைத்துவிடாதீர்கள். கான்கிரீட் அடுக்குமாடியில் இருக்கும் ஃப்ளாட்டுக்குத்தான் அங்கே அந்தப் பெயர். வெளிநாட்டவரும் சொந்தப் பெயரில் வாங்கலாம், ஜப்பான் விசா இல்லாவிட்டாலும் சரி. ஆனால் வீடு வாங்கினால் விசா கிடைக்காது.

முதலில் கட்டடத்தின் வயதைப் பாருங்கள். புதிய நிலநடுக்க விதிகள் அமலுக்கு வந்தது 1981 ஜூன் 1-ல். கட்டி முடித்த தேதி இங்கே உதவாது, பிளான் அப்ரூவல் கிடைத்த தேதியைக் கேளுங்கள். 1982-ல் கட்டி முடித்த கட்டடம்கூடப் பழைய விதிப்படி எழும்பியதாக இருக்கலாம். அப்படிப்பட்டதற்கு வங்கிக் கடன் கிடைப்பது சிரமம். விலை மலிவாக இருப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

அடுத்து, விளம்பரத்தில் போட்டிருக்கும் வருமான சதவீதத்தை ஓரமாக வைத்துவிட்டு நீங்களே ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு விலை 80 லட்சம் யென், மாத வாடகை 55,000 என்று வைப்போம். வருடத்துக்கு 6,60,000, அதாவது 8.25 சதவீதம். விளம்பரத்தில் வருவது இதுதான். கட்டடப் பராமரிப்பும் பழுதுநிதியும் சேர்ந்து மாதம் 16,000, வாடகையை வசூலித்துத் தரும் நிறுவனத்துக்கு 5 சதவீதம், சொத்து வரி வருடம் 40,000 என்று கழித்தால் மிச்சம் 3,95,000. வாங்கும் செலவு 6 லட்சம் என்று வையுங்கள். (அதில் புரோக்கர் கமிஷன் மட்டும் வரியோடு 3,30,000 வரை போகும்.) அதையும் விலையோடு சேர்த்துப் பார்த்தால் வருமானம் 4.6 சதவீதம். இரண்டு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் சுமார் 3.4.

இனி சொல்வதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பழைய கட்டடத்தில் உங்கள் அறையைவிட மொத்தக் கட்டடத்தின் கஜானா முக்கியம். 12 முதல் 15 வருடங்களுக்கு ஒருமுறை வெளிச்சுவர், மொட்டைமாடி, குழாய் என்று பெரிய மராமத்து வரும். அதற்காக எல்லா உரிமையாளர்களும் மாதாமாதம் கட்டுவதுதான் 'ஷூசென் சுமிதாதேகின்' என்ற பழுதுநிதி. அது மாதம் 2,000 யென்தான் என்று புரோக்கர் பெருமையாகச் சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். நிதி பற்றாமல் போனால் கட்டணம் இரண்டு மூன்று மடங்காகும், அல்லது மொத்தமாக ஒரு தொகை கேட்பார்கள். அதனால் கட்டடத்தைப் பராமரிக்கும் நிறுவனம் தரும் ஆய்வறிக்கையைக் கையெழுத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள். நிதி இருப்பு எவ்வளவு, எத்தனை பேர் பாக்கி, கடைசி மராமத்து எப்போது, கட்டணத்தை உயர்த்தும் யோசனை உண்டா என்பதெல்லாம் அதில் தெரியும். பழைய உரிமையாளர் வைத்த பாக்கியும் சட்டப்படி உங்கள் தலையில்தான் விழும். இந்த அறிக்கையைத் தரத் தயங்கினால், நானாக இருந்தால் அடுத்த வீட்டைப் பார்க்கப் போய்விடுவேன்.

ஏற்கெனவே ஆள் குடியிருக்கும் வீடு என்றால் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. தக்க காரணமில்லாமல் அவரைக் காலி செய்யச் சொல்லவும் முடியாது. சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் கட்டட உரிமையாளர் சங்கத்தின் விதிகளைப் படியுங்கள். பல கட்டடங்களில் அதற்குத் தடை.

ஒப்பந்தத்துக்கு முன், உரிமம் பெற்ற தரகு அலுவலர் முக்கிய விவரங்களை விளக்கியாக வேண்டும் என்பது சட்டம். விளக்கம் ஜப்பானிய மொழியில் இருக்கும், மொழிபெயர்ப்பாளரை நீங்களே கூட்டிப் போங்கள். பிறகு முன்பணம், பெரும்பாலும் விலையில் 5 முதல் 10 சதவீதம். மிச்சத்தைக் கட்டும் நாளில் பத்திரப்பதிவும் சாவியும்.

வெளிநாட்டிலிருந்து வாங்குபவர்கள் வரிக் கடிதங்களைப் பெற்றுக் கட்ட ஜப்பானில் ஒரு பிரதிநிதியை நியமிக்க வேண்டும். சாவி வாங்கிச் சில மாதங்கள் கழித்து, எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது, சொத்து வாங்கியதற்கான வரி நோட்டீஸ் தனியாக வரும். அதற்கும் கொஞ்சம் பணம் எடுத்து வையுங்கள்.