மணாலி–லே சைக்கிள் பயணம்: திட்டம் மாறும்போது செய்யக் கூடாதவை

மணாலியிலிருந்து லடாக்கின் லே வரை சுமார் 475 கிலோமீட்டர். மழை, நிலச்சரிவு, உடைந்த ஸ்போக் என்று ஏதாவது ஒன்று திட்டத்தைக் கலைக்கத்தான் செய்யும். கலைந்தால் பரவாயில்லை. இழந்த நாளை அடுத்த இரண்டு நாட்களில் ஈடுகட்டப் பார்ப்பதுதான் ஆபத்து.

வழியில் கேலாங் என்ற ஊரில் மழையில் மாட்டியவர்கள் முதலில் கத்தரிப்பது, அதற்கப்புறம் வரும் ஜிஸ்பாவில் வைத்திருந்த ஓய்வு நாளை. தொடையில் வலு இருக்கிறது, நேராக மேலே உள்ள சர்ச்சு முகாமுக்குப் போய்விடலாம் என்று தோன்றும். ஜிஸ்பா ஏறக்குறைய 3,300 மீட்டர் உயரம், சர்ச்சு ஏறக்குறைய 4,300. 3,000 மீட்டரைத் தாண்டியபின், இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. அதைப்போல் இரண்டு மடங்கு ஒரே நாளில் ஏறப்போகிறவருக்கு அந்த ஓய்வு நாள்தான் பாதுகாப்பு. தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள்.

சர்ச்சு போய்ப் பார்த்து முடிவு செய்யலாம் என்பதும் தவறு. அங்கே உயரம் ஒத்துக்கொள்ளாமல் உடம்பு சரியில்லாமல் போனால் இறங்கக்கூட முதலில் ஏற வேண்டும்: தெற்கே பாரலாச்சா கணவாய், வடக்கே நக்கீ லா, லாச்சுங் லா ('லா' என்றால் கணவாய்). அதனால் ஜிஸ்பாவிலேயே முடிவெடுங்கள். சர்ச்சுவில் வாந்தியோ தள்ளாட்டமோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல், கிடைக்கும் வண்டியில் கேலாங் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். சைக்கிளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஜிஸ்பாவைத் தாண்டி வரும் தார்ச்சாவின் டீக்கடையில் யாரோ சொன்னதைக் கேட்டு, ஷிங்கு லா வழியாக லடாக்கின் ஜான்ஸ்கர் பகுதிக்குத் திரும்புகிறவர்களும் உண்டு. அருமையான வழிதான். ஆனால் அந்தக் கணவாய் பாரலாச்சாவைவிட உயரம். ஜான்ஸ்கரின் பதும் ஊருக்குப் போய், அங்கிருந்து நிம்மு வழியாகவோ கார்கில் வழியாகவோ சுற்றித்தான் லே சேர முடியும். நாட்களையும் சாப்பாட்டையும் புதிதாகக் கணக்குப் போடாமல் அந்தப் பக்கம் திரும்பாதீர்கள்.

இன்னொன்று, நேரம். தாமதமாகக் கிளம்பினால் பனி உருகி, சாலையைக் கடக்கும் ஓடைகளில் பிற்பகலில் தண்ணீர் ஏறியிருக்கும். அவற்றைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும்.

குழுவாகப் போனால் அன்றிரவு தங்குமிடத்தைக் காலையிலேயே பேசிவிடுங்கள். வழியில் மாற்றவே கூடாது. வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது. முன்னால் போனவர் லாச்சுங் லாவுக்கு அப்பால் உள்ள பாங் வரை ஓட்டிவிட்டார் என்பது பின்னால் வருகிறவருக்குத் தெரியாது.

லேயிலிருந்து திரும்பும் விமான டிக்கெட்டை இரண்டு நாளாவது தள்ளிப் போடுங்கள். ஓய்வு நாளைக் கத்தரிக்கச் சொல்வது பெரும்பாலும் அந்த டிக்கெட்தான்.